நகரத் தலைவியை நாங்கள் வாசலில் நிறுத்தி வைத்தது

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, வயதிலும் உறவிலும் தங்களுக்குப் பின்னால் வருபவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் ஒரு சொல்லை எழுதும் முன் அது எவ்வளவு தூரம் உண்மை என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. கடைத் தராசுகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது ஒரு வியாதி. ஆகவே பிரித்தே எழுதுகிறேன். என் இரத்த அழுத்தம் நலம். என் மனைவியின் முழங்கால்கள் நலமில்லை. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் சென்ற வாரம் வரை நலமில்லை. அக்கா நலம் என்று நம்புகிறேன். தங்கள் நலத்தைப் பற்றி ஐயமே இல்லை, தங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே குரல் காதில் விழுந்தது. இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதிய நகரத் தலைவியைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த வரிகளை இங்கே திரும்ப எழுத என் கை வரவில்லை. "இருட்டுல வந்தா பல்லு மட்டும்தான் தெரியும், அதுக்கெல்லாம் ஒரு நாற்காலியா" என்பதுதான் அவற்றில் மென்மையானது. கூடவே அவர் நிறத்தைக் கேலி செய்யும் ஒரு படத்தையும் என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தீர்கள். அவரிடம் போய் லிஃப்ட்டுக்காகக் கையேந்தாதே என்றும், அவங்க ஆளுங்க படியேறிய வீட்டுக்கு இனி தாங்கள் படியேறப்போவதில்லை என்றும் முடித்திருந்தீர்கள். தாங்கள் சொல்லி நான் மறுத்த வழக்கம் கிடையாது. ஆனால் கடிதம் வந்தது திங்கட்கிழமை, அந்த அம்மையார் படியேறியது செவ்வாய்க்கிழமை. நடந்ததை முறையாகத் தெரிவிப்பது என் கடமை என்று தோன்றுகிறது. தோன்றுவது சரியா என்று தெரியவில்லை.

முதலில் லிஃப்ட். இது நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பு என்பதால் லிஃப்ட்டும் நகராட்சியின் சொத்து. தலைவர் கையெழுத்திடாமல் ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. சென்ற மழைக்காலத்தில் அது நின்றது. அன்று முதல் நாலாவது மாடியிலிருந்து அவள் இறங்கவில்லை. நான் காய்கறிப் பையுடன் ஏறி இறங்குவேன், அவள் பால்கனியில் நிற்பாள். மேலேயிருந்து பார்த்துப் பார்த்து, தெருவில் போகிறவர்களின் வழுக்கையையும் வகிட்டையும் வைத்தே ஆள் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். "பேப்பர்காரருக்கு உச்சியில புதுசா ஒரு காசு அளவு கொட்டியிருக்கு, பாவம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் போன மாதம் ஒரு நாள், "என் செருப்பை யாருக்காவது கொடுத்துடுங்க, சும்மாத்தானே கிடக்கு" என்றாள். அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு லிஃப்ட் என்பது லிஃப்ட்டாக இல்லை.

பழைய தலைவர் இரண்டு முறை வந்தார், எதற்கும் தலையை ஆட்டினார், போய்விட்டார். அவருக்கு நாங்கள் தலையாட்டி என்று பெயர் வைத்ததும், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரான பல் டாக்டர் அவர் முன்னாலேயே மேசையைத் தட்டி, "உங்களுக்குக் கழுத்துல ஸ்பிரிங் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டதும் தாங்கள் அறிந்ததே. பிறகு தேர்தல் வந்தது, புதிய தலைவி வந்தார். கப்பல்துறைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவர். நாலு தலைமுறைக்கு முன் மூட்டை தூக்கக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி. நம்மைவிடக் கறுப்பு, நம்மைவிடச் சுருட்டை. கண்ணாடி முன்னால் நின்றால் நாமும் பாலில் தோய்த்து எடுத்தவர்கள் இல்லை அத்தான், ஆனாலும் "நம்மைவிட" என்ற சொல் எப்படியோ பேனாவில் வந்துவிடுகிறது.

அவர் எங்கள் கட்டடத்துக்கு வரச் சம்மதித்ததும் சங்கக் கூட்டம் கூடியது. செயலாளன் என்ற முறையில் நானும் இருந்தேன். பல் டாக்டர், "இதுவரைக்கும் எப்படியோ, இவங்ககிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்கணும். வாசல்ல பெரிசா பேனர் வைப்போம்" என்றார். பொருளாளரான வங்கிக்காரம்மா, "வைக்கலாம் டாக்டர். ஆனா படத்தைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்க. அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். என்ன கஷ்டம், எதைப் பார்த்துப் போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது. அப்படிப் புரிந்ததுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

பேனர் கடைக்குப் படத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். கடைக்காரர் படத்தைக் கணினியில் ஏற்றி, கண்ணை இடுக்கிப் பார்த்து, "எத்தனை புள்ளி ஏத்தட்டும் சார்?" என்றார். புரியவில்லை என்றேன். "வெளுப்பு சார். சாதாரணமா தலைவருங்களுக்கு நாலு புள்ளி. கல்யாணப் பொண்ணுக்கு ஆறு. செத்தவங்களுக்கு எட்டு" என்றார். செத்தவர்களுக்கு ஏன் எட்டு என்று கேட்டேன். "அவங்க வந்து சண்டை போட மாட்டாங்கல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்க ஆளுங்களுக்கு நாங்க தனிக் கணக்கு வெச்சிருக்கோம். கேக்கவே வேணாம், அது கடையோட மரியாதை" என்றார். உள்ளது உள்ளபடி போடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கடைக்காரர்களிடம் அதை மட்டும்தான் சொன்னவன் நான். ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "வழக்கப்படி செய்ங்க." அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருமுனை வரை நடந்தவன், லிஃப்ட்டை நினைத்து, அவள் செருப்பை நினைத்து, திரும்பிப் போய், "இன்னும் ஒரு புள்ளி" என்றேன். எனக்குப் பின்னால் பல் டாக்டர் என்னிடம் சொல்லாமல் தொலைபேசியில் அழைத்து முகத்துக்குக் கொஞ்சமும் பல்லுக்கு நிறையவும் ஏற்றச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வங்கிக்காரம்மா, யாரிடமும் சொல்லாமல், "கழுத்தும் சேர்த்து" என்றிருக்கிறார். ஒவ்வொருவரும் தனித்தனியே, தத்தம் மரியாதைக்கு ஏற்ப.

திங்கட்கிழமை மாலை பேனர் வந்து வாசலில் ஏறியது. தோலுரித்த அவித்த முட்டை ஒன்று சுருட்டை முடி வைத்துக்கொண்டு சிரித்தது. பல் டாக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கம்பீரமா இருக்காங்க" என்றார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர், "யாரு சார் இறந்துட்டாங்க?" என்று கேட்டார்.

அடுத்த பிழை முழுக்க முழுக்க என்னுடையது. தலையாட்டி வந்த அன்று, அவருடன் வந்தவர்கள் என்று சொல்லித் தெருவில் பாதிப் பேர் உள்ளே நுழைந்து பிஸ்கட்டைத் தீர்த்துவிட்டார்கள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று காவலாளியைக் கூப்பிட்டு, "இந்தப் படத்துல இருக்கிறவங்களைத் தவிர வேற யாரையும் உள்ளே விடாதே" என்று தெளிவாகச் சொன்னேன். இவர் எப்படிப்பட்ட காவலாளி என்று சொல்கிறேன். நான் மீசையை எடுத்த அன்று என்னையே வாசலில் நிறுத்தி, எந்த வீடு என்று கேட்டவர்.

செவ்வாய்க்கிழமை காலை பல் டாக்டர், வங்கிக்காரம்மா, நான், இன்னும் சிலர் கீழ்த்தளக் கூடத்தில் பூங்கொத்துடன் நின்று, கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய கார் வரும் என்று காத்திருந்தோம். கார் வரவில்லை. தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் அவர் முனையிலேயே இறங்கி, தனியாக, சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்து வந்திருக்கிறார். வாசலில் ஒரு பெண்மணியிடம் காவலாளி கையை விரித்துப் பேசுவது தெரிந்தது. பல் டாக்டர் பெருமையாக, "நம்ம ஆளைப் பாருங்க, ஒரு ஈயை உள்ளே விடறானா!" என்றார். அப்போதுதான் அந்த ஈயின் நெற்றி எனக்குத் தெரிந்தது. அசல் புகைப்படத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தானே. ஓடினேன் அத்தான். இந்த வயதில் நான் ஓடியதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நான் போய்ச் சேரும்போது பேச்சு நடுவில் இருந்தது.

"நான்தாங்க தலைவி."

காவலாளி பேனரை அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். "இல்லையே."

"நல்லா பாருங்க."

"நல்லா பார்த்துத்தாம்மா சொல்றேன்."

தலைவியும் திரும்பிப் பேனரைப் பார்த்தார். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கோபம் வரும், திரும்பிப் போய்விடுவார், லிஃப்ட் போயிற்று, அவள் இனிப் பால்கனியோடு சரி என்று மனதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "இந்தம்மா யாருங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாதது நேர்மை என்று நினைத்திருந்தேன். அது வேகக்குறைவு என்று அன்றுதான் புரிந்தது. "தாங்கள்தான்" என்றேன்.

"நானா? எங்கம்மா இதைப் பார்த்தா, என் பொண்ணை என்ன பண்ணீங்கன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவாங்க."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன், அது இவங்க இல்லை" என்றார் காவலாளி.

"நீங்க சொன்னது ரொம்பச் சரி" என்று அவர் காவலாளியிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப என்ன பண்ணலாம் சார்? அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயே காத்திருக்கட்டுமா?"

அத்தான், நான் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். தராசில் விரல் வைத்துப் பிடிபட்டவன் கத்துவான், அழுவான், இல்லை உறவு சொல்வான். அநியாயத்துக்கு ஆளானவர் அப்படி நின்று, நமக்கு வெளியே வர ஒரு கதவையும் திறந்துவிட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தில் வெயில் விழுந்திருந்தது. ஒரு புள்ளிகூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அழைத்துப் போனோம். அதன் பிறகு நாங்கள் காட்டிய மரியாதையைச் சொல்லி முடியாது. எல்லோரும் எழுந்தோம், அவர் உட்கார்ந்தும் நாங்கள் உட்காரவில்லை. பல் டாக்டர் ஒரு சொற்பொழிவே செய்தார். தமது மருத்துவமனையில் இன வேறுபாடு பார்ப்பதில்லை என்றும், "வாயைத் திறந்தா உள்ளே எல்லாரும் ஒரே நிறம்தான் மேடம்" என்றும் முடித்தார். வங்கிக்காரம்மா, "எவ்வளவு தெளிவா நம்ம பாஷை பேசறீங்க!" என்று வியந்தார். "பொறந்ததே இங்கதாங்க, வேற பாஷை தெரியாது" என்றார் அவர். மூன்றாவது டீ வந்தது. லிஃப்ட் என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நான் கைகளைக் கட்டிக்கொண்டு, இப்போது சொல்லலாம், இதோ சொல்லலாம் என்று தொண்டையைச் செருமிச் செருமியே தாகமெடுத்துப் போனேன்.

அவரே கோப்பையைக் கீழே வைத்தார். "போன தலைவர் வந்தப்ப மேசையைத் தட்டினீங்களாமே? தலையாட்டின்னு பேராம், அவரே சொன்னார். அப்புறம் ஏங்க எனக்கு மட்டும் மூணு டீ? கடையில கண்ணாடிச் சாமானைத் தொட்டுப் பார்க்கிற மாதிரியே பேசறீங்களே!"

பல் டாக்டர், "இன்னொரு பிஸ்கட்..." என்றார்.

அப்போதுதான் மேலேயிருந்து அவள் குரல் வந்தது. கூடத்தின் ஜன்னலுக்கு நேர்மேலே எங்கள் பால்கனி.

"ஏம்மா தலைவி! வந்துட்டியா? ஓட்டுக் கேட்டப்ப தெருவுல நின்னு மேல பார்த்துக் கையாட்டினியே, நானும் ஆட்டினேனே, ஞாபகம் இருக்கா இல்லையா? பதவிக்கு வந்து அரை வருஷம் ஆச்சு. லிஃப்ட் செத்துக் கிடக்கு, நான் இங்க காயப்போட்ட துணி மாதிரி தொங்கிட்டிருக்கேன். நீ கீழ டீ குடிச்சிட்டு இருக்கே! அந்தத் தலையாட்டி உட்கார்ந்த நாற்காலிதானே, அவன் புத்தி உனக்கும் ஒட்டிக்கிச்சா? செய்ய முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டுப் போ, இந்தக் கிழவியை எதுக்குக் காக்க வைக்கிறே?"

பல் டாக்டரின் முகம் பேனரின் நிறத்துக்கு வந்தது. வங்கிக்காரம்மா, "வயசானவங்க மேடம், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஆனால் தலைவி எழுந்து ஜன்னலுக்குப் போய், தலையை வெளியே நீட்டி, பாட்டுக் கேட்பவர்போல முழுவதையும் கேட்டார். பிறகு மேல் நோக்கி, "முடிஞ்சுதாம்மா, இன்னும் இருக்கா?" என்றார்.

"நிறைய இருக்கு! மேல வந்தா சொல்றேன்!"

"இதோ வர்றேன்."

ஏறினார் அத்தான். நாலு மாடி. நான் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். "எதுக்கு சார் மன்னிப்பு? அரை வருஷமா என்னைத் திட்டற எல்லாரும் எங்க பாட்டன் வந்த கப்பலைத்தான் திட்டறாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தங்க நான் செய்யாம விட்ட வேலைக்குத் திட்டியிருக்காங்க" என்றார். நான் அந்தப் படியிலேயே சற்று நின்றுவிட்டேன். தலையாட்டியை நாம் எத்தனையோ சொல்லியிருக்கிறோம், அவர் பாட்டனை ஒரு நாளும் சொன்னதில்லை. இது எனக்கு ஏன் முன்பே தெரியாமல் போயிற்று என்று தெரியவில்லை. படித்தவன் என்று பெயர்.

வீட்டில் அவள் திட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டினாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். தாங்கள் வரும்போது உட்காரும் பிரம்பு நாற்காலிதான். மாடி ஏறி வந்தவருக்குக் கொடுக்க வேறு நல்ல நாற்காலி எங்களிடம் இல்லை. நடுவில் அவள் திடீரென்று பேச்சை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "ஏம்மா, கண்ணுக்குக் கீழ இப்படிக் கருவளையம் போட்டிருக்கே, தூங்கறதே இல்லையா?" என்றாள். அவர் சிரிக்கத் தொடங்கியவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மூஞ்சியில கருவளையத்தைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதாம்மா. மத்தவங்க யாரும் அவ்வளவு தூரம் பார்க்கறதில்லை" என்றார். அந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பொறியாளரை அழைத்தார். அவர் பேசியதிலிருந்து, எங்கள் லிஃப்ட் கோப்பில் தலையாட்டி கையெழுத்தே போடாமல் வைத்திருந்தார் என்றும், இவரும் கவனிக்காமல் விட்டிருந்தார் என்றும் தெரிந்தது. "என் தப்புத்தான்" என்றார். ஒரு தலைவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவளும் முதல் முறையாக வாயை மூடினாள்.

சனிக்கிழமை லிஃப்ட் ஓடியது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இறங்கினாள். கதவு திறந்ததும் உடனே வெளியே வரவில்லை, தரையை ஒரு காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தெருவில் பேப்பர்காரர் வணக்கம் சொன்னார், அவளுக்கு யாரென்று தெரியவில்லை. அவர் குனிந்து உச்சியைக் காட்டியதும்தான், "அட, முகம் இப்படியா இருக்கு உங்களுக்கு!" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

இனித் தங்கள் நிபந்தனைக்கு வருகிறேன். அவர் எங்கள் வீட்டுக்குப் படியேறியது உண்மை. தாங்கள் அனுப்பிய படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். இனி அப்படி அனுப்பினால் அதையும் அழிப்பேன் என்று நினைக்கிறேன். அக்கா எப்போதும்போல வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. தாங்கள் வருவது தங்கள் விருப்பம். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கழுவவில்லை. இந்தக் கடைசிச் சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

என் சொல்லில் பிழை இருந்தால் பொறுத்தருளவும். தங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பு. தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், குறிப்பாகக் கோபம் வரும் நேரங்களில்.

பணிவுள்ள,
தங்கள் மைத்துனன்

பி.கு.: மேலே அந்த அம்மையாரைப் புகழ்ந்து எழுதியிருக்கும் இடங்கள் அனைத்தையும் மறு அறிவிப்பு வரும் வரை ரத்து செய்துகொள்ளவும். உறையை ஒட்டும்போது லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. இம்முறை அவள் கொத்தமல்லி வாங்கக் கீழே போயிருக்கிறாள், ஏற முடியாது. நான் நகராட்சிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். தலைவியே எடுத்தார். நான் பேசியதை எழுத மாட்டேன். இத்தனை வருடம் எனக்குள் இவ்வளவு கெட்ட வார்த்தைகள் எங்கே உட்கார்ந்திருந்தன என்று எனக்கே ஆச்சரியம். ஒன்று மட்டும் சரிபார்த்துவிட்டேன், அவற்றில் எதுவும் அவர் பிறப்பைத் தொடவில்லை. முடித்துவிட்டுப் பால்கனிக்கு வந்தேன். அவள் கீழே கொத்தமல்லியுடன் நின்று, "ஏங்க! அவகிட்ட வழக்கம்போல மரியாதையாப் பேசித் தொலைச்சீங்களா, இல்ல திட்டினீங்களா?" என்று கத்தினாள். திட்டினேன் என்றேன். "அப்ப வந்துடுவா" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.